"எங்களுக்கும் ஒரு ஆப் வேண்டும்" என்று சொல்வதற்கு முன்: செயலியா, வலைச்செயலியா என்று முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2015 மார்ச்சில் ஃப்ளிப்கார்ட் தன் மொபைல் வலைத்தளத்தை மூடியது. போனில் பிரவுசரைத் திறந்து அதன் முகவரியை அடித்தவர்களை, செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பிவிட்டது. அதே குழுமத்தைச் சேர்ந்த மிந்த்ரா இன்னும் துணிந்து, மே 15 அன்று கணினிக்கான தளத்தையும் இழுத்துப் பூட்டியது. அங்கே துணி வாங்கச் செயலி ஒன்றுதான் வழி என்றானது. இரண்டும் பெங்களூரு நிறுவனங்கள். பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லை, பணத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த நவம்பரிலேயே ஃப்ளிப்கார்ட், பிரவுசரில் ஓடும் 'ஃப்ளிப்கார்ட் லைட்' என்ற வலைச்செயலியோடு திரும்பி வந்தது. மிந்த்ரா 2016 ஜூனில் கணினித் தளத்தை மறுபடி திறந்தது.

இந்தக் கதையை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கடைக்காரர், பள்ளித் தாளாளர், சங்கச் செயலாளர் என்று யார் என்னிடம் வந்தாலும் பேச்சு ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறது: "எங்களுக்கும் ஒரு ஆப் வேண்டும்." எதற்கு என்று கேட்டால் பதில் வரச் சற்று நேரமாகிறது. பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கிறார் என்பதுதான் பல நேரங்களில் உண்மையான பதில். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் கட்சி இதுதான்: வலைச்செயலியில் தொடங்குங்கள். அதனால் முடியாத வேலை ஒன்றை இன்னதென்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் மட்டும் செயலிக்குப் போங்கள். அந்த வேலை உங்களுக்கு இருக்கிறதா, இல்லையா என்று தேடிப் பார்ப்பதற்கான படிகள் இவை. வரிசையை மாற்றாமல் போவது நல்லது. முதல் மூன்று படிகளிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

படி 1: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

செயலி என்று இங்கே நான் சொல்வது, பிளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ இறக்கிப் போனில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளை. ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் அல்லது ஜாவா, ஐபோனுக்கு ஸ்விஃப்ட் என்று அந்தந்த இயங்குதளத்தின் மொழியில் எழுதப்படுவது. அது போனின் இயங்குதளத்தோடு நேருக்கு நேர் பேசும். வலைச்செயலி பிரவுசருக்குள் ஓடுவது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றால் ஆனது. போனிடம் அது எதைக் கேட்டாலும் பிரவுசர் என்ற இடையாள் வழியாகத்தான் கேட்க வேண்டும். இடையாள் மறுத்தால் மறுத்ததுதான்.

இரண்டுக்கும் நடுவே மூன்று வகைகள் உண்டு, குழப்பமெல்லாம் இங்கேதான். ஒன்று, உறைச்செயலி: வலைத்தளத்தையே ஒரு செயலி உறைக்குள் போட்டுக் கொடுப்பது. மலிவாகச் செயலி செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் விற்பது இதைத்தான். விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகளால் ஒரே நிரலை எழுதி இரண்டு வகைப் போனுக்கும் செயலியாக எடுப்பது. மூன்றாவது, பிரவுசரில் பிறந்தாலும் முகப்புத் திரையில் தனக்கென ஒரு சின்னம் வைத்துக்கொண்டு, இணையம் இல்லாதபோதும் திறக்கக்கூடிய வலைச்செயலி. இந்த மூன்றாவது வகைக்கு 2015இல் ஃபிரான்சிஸ் பெரிமேன், அலெக்ஸ் ரஸ்ஸல் இருவரும் 'புரோகிரசிவ் வெப் ஆப்' என்று பெயரிட்டார்கள். இந்தக் கட்டுரையில் வலைச்செயலி என்றால் பெரும்பாலும் இந்த வகைதான்.

இந்த யோசனை பெயரைவிட மூத்தது. 2007இல் முதல் ஐபோன் வந்தபோது வெளியாருக்கு ஆப் ஸ்டோர் என்று ஒன்று கிடையாது. சஃபாரி பிரவுசரில் ஓடும் வலைச்செயலிகளை எழுதுங்கள், அது போதும் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் நிரலாளர்களிடம் சொன்னார். நிரலாளர்கள் முகம் சுளித்தார்கள். 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தது. அதன் பிறகு வலைச்செயலியைப் பல ஆண்டுகளுக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படி 2: உங்கள் ஆட்கள் எத்தனை முறை வருவார்கள்?

மற்ற எல்லாக் கேள்விக்கும் முந்தியது இது. செயலியை நிறுவச் சொல்வது, ஒருவர் வீட்டில் தங்குவதற்கு ஓர் அறை கேட்பது போன்றது. வலைச்செயலி திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற விருந்தாளி. தினமும் வருகிறவருக்கு அறை கொடுப்பார்கள். ஆண்டுக்கு இருமுறை வருகிறவர் அறை கேட்டால்?

ஒரு தாளை எடுத்து, உங்களிடம் வரும் ஒவ்வொரு வகை ஆளையும் எழுதி, அவர் மாதத்தில் எத்தனை முறை வருவார் என்று பக்கத்தில் குறியுங்கள். பட்டுப்புடவைக் கடைக்கு வாடிக்கையாளர் ஆண்டில் ஓரிரு முறை வருவார். பள்ளிக்குப் பெற்றோர் கட்டணம் கட்டவும் மதிப்பெண் பார்க்கவும் வருவார்கள். பால் கொள்முதல் நிலையத்தில் கணக்கு எழுதுகிறவர் காலையும் மாலையும் வருவார். முதல் இரண்டு பேரிடமும் அறை கேட்காதீர்கள். மூன்றாமவரிடம் கேட்கலாம், அவரிடமும் அவசரப்பட வேண்டாம், இன்னும் படிகள் இருக்கின்றன.

ஒரே தொழிலுக்குள் இரண்டு விடைகள் வரலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாடகைக் கார் சேவையான ஓலா 2017இல் பயணிகளுக்கு வலைச்செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. எப்போதாவது கார் கூப்பிடுகிற பயணிக்கு அது போதும். நாள் முழுக்க இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டிய ஓட்டுநருக்கு அது போதாது. ஏன் என்பது அடுத்த படியில்.

எடையையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2017 ஏப்ரலில் ட்விட்டர் தன் லைட் பதிப்பை வலைச்செயலியாக வெளியிட்டது. அன்று அதன் ஆண்ட்ராய்டு செயலியை இறக்க 23.5 எம்.பி. வேண்டும், லைட் பதிப்பைத் திறக்க 600 கிலோபைட் போதும். ட்வீட் போடுவது 75 சதவீதம் கூடியது என்று அந்த நிறுவனம் சொன்னது. ஃப்ளிப்கார்ட் லைட்டைப் பயன்படுத்தியவர்களில் 63 சதவீதம் பேர் 2ஜி இணைப்பில் வந்தவர்கள். தளத்தில் செலவழித்த நேரம் மூன்று மடங்கானது. நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட எண்கள் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளலாம். இப்போது ஸ்மார்ட்போனில் 2ஜி அரிதாகிவிட்டது, டேட்டாவும் மலிந்துவிட்டது. ஆனால் விலை குறைந்த போனில் நினைவிடம் நிரம்பி, குடும்பப் படங்களை அழிப்பதா, ஏதாவது ஒரு செயலியை அழிப்பதா என்று வரும்போது எது முதலில் போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

படி 3: போனிடம் என்ன கேட்கப்போகிறீர்கள்?

மறுபடி தாளை எடுங்கள். உங்கள் மென்பொருள் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் போனின் எந்த உறுப்பு தேவை என்று எழுதுங்கள். கேமரா, இருப்பிடம், கைரேகை, அறிவிப்பு, புளூடூத் என்று பட்டியல் வரும். அதை மூன்றாகப் பிரிக்கலாம்.

கவலைப்பட வேண்டாதவை: கேமராவால் படம் எடுப்பது, கியூஆர் குறியீட்டை வாசிப்பது, பக்கம் திறந்திருக்கும்போது இருப்பிடத்தை அறிவது, கோப்பை ஏற்றுவது, கைரேகையோ முகமோ காட்டி உள்நுழைவது. இவையெல்லாம் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் பிரவுசர் வழியாகவே நடக்கும். கைரேகை உள்நுழைவுக்குச் செயலிதான் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் பழைய செய்தியை வைத்திருக்கிறார்.

அரைகுறையானவை: இங்கேதான் அகலக்கால் வைத்துவிடுகிறோம். புளூடூத் எடைக்கருவி, ரசீது அச்சிடும் சிறு பிரிண்டர், போனருகே காட்டினால் வாசிக்கப்படும் என்எஃப்சி அட்டை ஆகியவற்றோடு ஆண்ட்ராய்டு குரோமில் வலைச்செயலி பேச முடியும். ஐபோனின் சஃபாரியில் முடியாது. ஐபோனில் குரோமை நிறுவிக்கொண்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற விலக்கு பெற்ற இடங்கள் தவிர, ஐபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் இருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியை இயக்கும் வெப்கிட் என்ற ஆப்பிளின் எந்திரம்தான். சட்டை மட்டும்தான் வேறு. கடை ஊழியர்களுக்கு நீங்களே ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தருவதாக இருந்தால் இந்தத் தடை உங்களைத் தொடாது. பொதுமக்கள் கையில் இருக்கும் போன் என்றால் தொடும்.

அறிவிப்புகளும் இந்த நடு வகைதான். ஆண்ட்ராய்டு குரோமில் வலைத்தளம் புஷ் அறிவிப்பு அனுப்புவது 2015 முதல் உண்டு. ஐபோனுக்கு அது 2023 மார்ச்சில், ஐஓஎஸ் 16.4 வந்தபோதுதான் கிடைத்தது. அதுவும் வலைச்செயலியை முகப்புத் திரையில் சேர்த்தவர்களுக்கு மட்டும். சேர்க்க வேண்டுமானால் பகிர்வுப் பொத்தானை அழுத்தி, பட்டியலில் கீழே தேடி, 'முகப்புத் திரையில் சேர்' என்பதைத் தொட வேண்டும். அறுபது வயது வாடிக்கையாளருக்கு இதைத் தொலைபேசியில் விளக்கிப் பாருங்கள். செயலிக்கு ஆகும் செலவு அவ்வளவு அதிகமாகத் தோன்றாது. அதே சமயம், செயலி வைத்தால் அறிவிப்பு தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் செயலியும் அனுமதி கேட்டுத்தான் அறிவிப்பு அனுப்ப முடியும்.

முடியவே முடியாதவை: திரை அணைந்து போன் சட்டைப்பையில் இருக்கும்போது இருப்பிடத்தைத் தொடர்வது, இணையம் இல்லாவிட்டாலும் சரியான நேரத்துக்கு அலாரம் அடிப்பது, குறுஞ்செய்தி அனுப்புவது, வந்ததைப் படிப்பது, மற்ற செயலிகளின் மேல் மிதப்பது. ஓலா ஓட்டுநருக்கு வலைச்செயலி போதாமல் போவது இந்த முதல் காரணத்தால். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் மென்பொருளைச் செயலியாகத்தான் எழுத வேண்டும்; மறந்துபோன மாத்திரைக்குப் பிரவுசரைக் குற்றம் சொல்ல முடியாது.

யுபிஐ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பணம் அனுப்பும் யுபிஐ செயலியை முதன்முதலில் திறந்ததும் அது உங்கள் சிம் கார்டிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்புகிறதே, கவனித்திருக்கிறீர்களா? இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்து, கணக்கைப் போனோடு கட்டிப்போடும் வேலை அது. பிரவுசரால் இதைச் செய்ய முடியாது. ஆனால் உங்கள் கடைக்குப் பணம் வாங்க இது எதுவும் தேவையில்லை. வலைப்பக்கத்தில் யுபிஐ இணைப்பு ஒன்றைத் தொட்டால் வாடிக்கையாளரின் போனில் இருக்கும் பணச் செயலி திறந்துகொள்ளும். வாங்குவது வேறு, கொடுக்கும் கருவியாக இருப்பது வேறு. "பணப் பரிமாற்றம் இருக்கிறது, அதனால் ஆப் வேண்டும்" என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரவுசர் மறுப்பதெல்லாம் பலவீனம் அல்ல. கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்புகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறியவர்களின் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து அவமானப்படுத்திய கொடுமை நடந்த நாடு இது. 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் அவற்றைத் தொடக் கூடாது என்று கூகுள் பிளே விதியை மாற்ற வேண்டியிருந்தது. வலைப்பக்கம் ஒன்று உங்கள் தொடர்புப் பட்டியல் முழுவதையும் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போக வழியே கிடையாது.

படி 4: சிக்னல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

வலைச்செயலிக்கு இணையம் எப்போதும் வேண்டும் என்பது பாதி உண்மை. சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரல், பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவே உட்கார்ந்து, முன்பு வந்த கோப்புகளைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சிக்னல் இல்லாவிட்டாலும் அதிலிருந்தே திரை வரும். பயனர் எழுதிய தகவல்களை இண்டெக்ஸ்டுடிபி என்ற உள்ளூர்க் கிடங்கில் போட்டு வைக்கலாம். ஐபோனில் சர்வீஸ் வொர்க்கர் 2018 மார்ச்சிலிருந்து, ஐஓஎஸ் 11.3 முதல் வேலை செய்கிறது.

எங்கே சறுக்கும்? இரண்டு இடங்களில். ஒன்று, சஃபாரியை 7 நாட்கள் பயன்படுத்தியும் ஒரு தளத்தின் பக்கம் எட்டிப்பார்க்காவிட்டால், அந்தத் தளம் சேமித்ததை சஃபாரி துடைத்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த வலைச்செயலிக்கு இந்த விதி பொருந்தாது. இரண்டு, சேமித்து வைத்ததை சிக்னல் வந்ததும் பின்னணியில் தானாக அனுப்பும் வசதி குரோமில் உண்டு, சஃபாரியில் இல்லை. பயனர் மறுபடி திறக்கும்போதுதான் அனுப்ப முடியும்.

மலைக்கிராமத்தில் கணக்கெடுக்கப் போகிறவர் வாரக்கணக்கில் இணையம் இல்லாமல் வேலை செய்து, படமும் எண்ணுமாய் நூற்றுக்கணக்கான பதிவுகளோடு திரும்புவார் என்றால், யோசிக்காமல் செயலிக்குப் போங்கள். பேருந்தில் போகும்போது ஐந்து நிமிடம் சிக்னல் விட்டுப்போவதுதான் கவலை என்றால் சர்வீஸ் வொர்க்கர் போதும்.

படி 5: வேகம்

2012இல் ஃபேஸ்புக் தன் ஐபோன் செயலியைப் புதிதாக எழுதியது. அதுவரை அது உறைக்குள் வலைப்பக்கமாகத்தான் இருந்தது. திரையை உருட்டினால் இழுத்து இழுத்து நகரும். எச்டிஎம்எல் 5ஐ அளவுக்கு மீறி நம்பியது நிறுவனம் செய்த மிகப் பெரிய தவறு என்று அந்தச் செப்டம்பரில் மார்க் சக்கர்பெர்க் மேடையில் ஒப்புக்கொண்டார். வலைச்செயலி மெதுவானது என்ற பேச்சு இன்றுவரை நிற்பதற்கு அந்த ஒப்புதலும் ஒரு காரணம்.

அதன் பிறகு போன்களும் மாறின, பிரவுசர்களும் மாறின. படிவம், பட்டியல், செய்தி, கடை, அட்டவணை போன்றவற்றில் இன்று வேறுபாடு தெரிந்தால் குற்றம் பெரும்பாலும் எழுதியவருடையது. விளையாட்டு, காணொளித் தொகுப்பு, கேமராப் படத்தில் நொடிக்கு நொடி வேலை செய்வது போன்றவற்றில் மட்டும் செயலி இன்னும் முந்துகிறது.

படி 6: பணக் கணக்கு

நிரல் எழுதும் கூலியைத் தவிர வேறு செலவுகளைத்தான் மக்கள் மறந்துவிடுகிறார்கள். கூகுள் பிளே கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். இது சிறு தொகை. பெரிய தொகை பராமரிப்பில் இருக்கிறது. ஆண்டுக்கொரு புதிய ஆண்ட்ராய்டு, ஒரு புதிய ஐஓஎஸ். செயலியைப் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டே வராவிட்டால், கூகுள் பிளே உங்கள் புதிய பதிப்பை ஏற்றுக்கொள்ளாது. நாளடைவில் புதுப் போன் வாங்கியவர்கள் தேடினால் செயலி அகப்படாது. எழுதித் தந்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்ற நிலைமையில் எத்தனை செயலிகள் பிளே ஸ்டோரில் இப்படிச் செத்துக் கிடக்கின்றன!

அடுத்தது தரகு. புடவை, அரிசி, பஸ் டிக்கெட் போன்றவற்றை விற்றால் பிளே ஸ்டோரும் ஆப் ஸ்டோரும் தரகு கேட்பதில்லை. செயலிக்குள்ளேயே சந்தா, பாடம், மின்னூல் போன்றவற்றை விற்றால் கேட்கும்: ஆப்பிளின் வழக்கமான விகிதம் 30 சதவீதம், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறியவர்களுக்கு 15 சதவீதம். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு ₹936.44 கோடி அபராதம் விதித்தது; மேல்முறையீட்டில் 2025இல் தொகை குறைக்கப்பட்டது. வழக்குகளால் இந்த விகிதங்கள் நாட்டுக்கு நாடு மாறிவருகின்றன. விலை வைப்பதற்கு முன் அன்றைய விதியைப் படித்துவிடுங்கள்.

இந்தத் தரகைக் கண்டு கடையை விட்டே வெளியேறியவர்களும் உண்டு. லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2011 ஜூனில் வலைச்செயலியை வெளியிட்டு, ஆகஸ்டில் ஐபோன், ஐபேட் செயலிகளை ஆப் ஸ்டோரிலிருந்து விலக்கிக்கொண்டது. 30 சதவீதம் போவது ஒரு வருத்தம். சந்தாதாரர் யார், எவர் என்ற விவரம் தங்களிடம் வராமல் ஆப்பிளிடம் தங்கிவிடுவது அதைவிடப் பெரிய வருத்தம். சந்தா விற்கப்போகிறவர்கள் இந்த இரண்டாவது வருத்தத்தைப் பற்றி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து யோசிக்கலாம்.

படி 7: வாயிற்காவலர்

வலைச்செயலியில் நண்பகலில் ஒரு பிழையைத் திருத்தினால் மாலைக்குள் எல்லோருக்கும் போய்ச் சேரும். (சர்வீஸ் வொர்க்கர் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்காதபடி எழுதியிருந்தால், நான் இதில் சூடு பட்டவன்.) செயலியில் திருத்தம் சரிபார்ப்புக்குப் போய், அனுமதி வாங்கி, பயனர் புதுப்பித்த பிறகுதான் போய்ச் சேரும். சிலர் புதுப்பிப்பதே இல்லை. ஆகவே இரண்டு ஆண்டுக்கு முந்தைய பதிப்போடும் உங்கள் சர்வர் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

தனிநபர் பெயரில் புதிதாகப் பிளே கணக்குத் தொடங்குகிறவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது. குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பிறகுதான் செயலியைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். பொங்கலுக்குள் செயலி வேண்டும் என்று மார்கழிக் கடைசியில் வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வலைக்கும் காவலர் இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்து ஐபோன்களில் முகப்புத் திரை வலைச்செயலி வசதியையே எடுத்துவிடப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. கூச்சல் எழுந்தது, மார்ச் 1 அன்று முடிவை மாற்றிக்கொண்டது.

படி 8: ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்

முடிவைத் தாளில் எடுக்காமல் போனில் எடுப்போம். செய்ய வேண்டியவை:

1. சொந்த முகவரி ஒன்றை வாங்கி, போக வர உள்ள தகவலை மறைத்துக் காக்கும் எச்டிடிபிஎஸ் பூட்டைப் போடுங்கள். அதற்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம். பூட்டு இல்லாமல் சர்வீஸ் வொர்க்கர் ஓடாது.

2. மேனிஃபெஸ்ட் என்ற சிறு கோப்பில் பெயர், தொடக்கப் பக்கம், 192, 512 பிக்சல் அளவில் இரண்டு சின்னங்கள், பிரவுசர் பட்டை இல்லாமல் திறக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதுங்கள்.

3. சர்வீஸ் வொர்க்கரில் எல்லாவற்றையும் சேமிக்க ஆசைப்படாதீர்கள். திரையின் சட்டகம், எழுத்துரு, கடைசியாகப் பார்த்த பக்கம் போதும்.

4. கடையில் கிடைக்கும் மிக மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்றையும் பழைய ஐபோன் ஒன்றையும் கடன் வாங்குங்கள். விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பாருங்கள். உங்கள் புதுப் போனில் நன்றாக ஓடுவது எதையும் நிரூபிக்காது.

5. ஒரு மாதம் எண்ணுங்கள்: திரும்ப வந்தவர் எத்தனை பேர், முகப்புத் திரையில் சேர்த்தவர் எத்தனை பேர், "இது முடியவில்லையே" என்று போன் செய்தவர்கள் எதைச் சொன்னார்கள். இந்த மூன்றாவது பட்டியலைப் பொன்போல் காப்பாற்றுங்கள்.

தமிழில் செய்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்று சொல்லும். கோட்லினும் 5 என்றே சொல்லும். ஸ்விஃப்ட் மட்டும் நம்மைப் போல 3 என்று எண்ணும். உயிர்க்குறியையும் புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணுவதால் வரும் வினை இது. பெயர் 10 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டம் போட்டால், வலைச்செயலியில் 'மீனாட்சிசுந்தரம்' என்று எழுதுகிறவர் பாதியைத் தாண்டியதுமே நெருக்கடியை உணர்வார், ஐபோன் செயலியில் எழுதுகிறவர் உணர மாட்டார். பிரவுசர்களில் இப்போது எழுத்தைச் சரியாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. உங்கள் நிரலாளர் அதைப் பயன்படுத்தினாரா என்று கேளுங்கள்.

படி 9: செயலிதான் என்று முடிவானால்

மாதக் கடைசியில் அந்தப் பட்டியலில் அலாரம், பின்னணி இருப்பிடம், புளூடூத், ஐபோன் அறிவிப்பு என்று ஏதாவது ஒன்று மறுபடி மறுபடி வந்திருந்தால், உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வராமல், 'பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்கவில்லை' என்பது மட்டும் வந்திருந்தால், இருக்கிற வலைச்செயலியையே பிளே ஸ்டோரில் வைக்க ஒரு வழி உண்டு. டிரஸ்டெட் வெப் ஆக்டிவிட்டி என்ற அந்த முறை குரோமில் 2019 முதல் இருக்கிறது. தளம் உங்களுடையதுதான் என்பதற்கு அதில் ஒரு சிறு சான்றுக் கோப்பை வைத்தால் போதும். ஆப்பிளிடம் இது நடக்காது. வெறும் வலைத்தளத்தை மடித்துக் கொண்டுவந்த செயலியைத் திருப்பி அனுப்ப அதன் விதிகளில் தனிப் பிரிவே இருக்கிறது.

புதிதாக எழுதுவதென்றால், பெரும்பாலான சிறு தொழில்களுக்கு ஃப்ளட்டர் அல்லது ரியாக்ட் நேட்டிவ் போதும். இரண்டு மொழியில் இரண்டு முறை எழுதி, இரண்டு முறை பிழை திருத்தும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், உங்கள் ஊரில் எதைத் தெரிந்த ஆள் அடுத்த ஆண்டும் கிடைப்பாரோ அது.

செயலி வந்த பிறகு வலைச்செயலியை மூடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே இணைப்பு முகவரி இருக்கும்படி அமையுங்கள்: வாட்ஸாப்பில் வந்த இணைப்பைத் தொட்டால், செயலி இருப்பவருக்குச் செயலி திறக்கட்டும், இல்லாதவருக்குப் பக்கம் திறக்கட்டும். உள்ளே வந்தவரின் முகத்துக்கு நேரே 'செயலியை நிறுவுங்கள்' என்று முழுத்திரையை மறைத்து நிற்க வேண்டாம். கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் இருந்த காலத்தில் கூகுளே அப்படி நின்று பார்த்தது. 2015 ஜூலையில் அது வெளியிட்ட கணக்குப்படி, அந்த முழுத்திரை விளம்பரத்தைப் பார்த்த வருகைகளில் 9 சதவீதத்தில்தான் நிறுவும் பொத்தான் அழுத்தப்பட்டது; 69 சதவீதத்தில் வந்தவர்கள் பக்கத்தையே விட்டுப் போய்விட்டார்கள். விளம்பரத்தைச் சிறு பட்டையாகச் சுருக்கியபோது மொபைல் தளத்துக்குத் தினமும் வருகிறவர்கள் 17 சதவீதம் கூடினார்கள், ஐபோன் செயலியை நிறுவுவது 2 சதவீதம்தான் குறைந்தது. ஃப்ளிப்கார்ட் அப்போது பிரவுசரில் வந்தவர்களைச் செயலிக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. லைட் பதிப்பு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது.